கிந்தானா ரோவின் முதல் தொகுதி ஐந்து தாள்களில்: ஒரு வரைபடத் தொகுப்பின் மதிப்பீடு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஞாயிறுதோறும் அரசியல் அறிவியல் மாணவர்களுக்கு நான் எடுத்துவரும் வகுப்புக்காக ஐந்து சுவர் வரைபடங்களைச் சொல்லிச் செய்து வாங்கினேன். அவற்றைச் செய்தது, பாகூர் கொம்யூனில் ஓய்வுபெற்ற நில அளவை வரைவாளர் ஒருவரும் அவருடைய மகனும் நடத்தும் சிறிய வரைபடக் கூடம். மெக்சிகோவின் தென்கிழக்கு மூலையில் உள்ள கிந்தானா ரோ மாநிலத்தின் முதலாவது கூட்டாட்சித் தேர்தல் தொகுதி எப்படி உருவானது, அதன் எல்லைகள் எந்தெந்த ஆண்டுகளில் எதனால் நகர்ந்தன என்பதே வரைபடங்களின் பொருள். மூன்று மாதங்கள் அவற்றை வைத்துப் பாடம் நடத்திய பிறகு இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். இருக்கும் வேலையே போதும், விளம்பரம் வேண்டாம் என்று பெரியவர் கேட்டுக்கொண்டதால் கூடத்தின் பெயரை இங்கே தரவில்லை.

இத்தனை தொலைவில் உள்ள ஒரு தொகுதி நம் பிள்ளைகளுக்கு எதற்கு என்று பெற்றோர் சிலர் கேட்டார்கள். காரணம் புதுச்சேரிதான். என் மாணவர்களில் பாதிப் பேர் முள்ளோடையைத் தாண்டி அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள். 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறி, 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி இந்தியாவுடன் சேர்ந்த புதுச்சேரிக்கு மக்களவையில் இன்றுவரை ஒரே ஓர் இடம்தான் இருக்கிறது. கேரளத்துக்குள் கிடக்கும் மாகேயும் ஆந்திரத்துக்குள் கிடக்கும் ஏனாமும் அந்த ஓர் இடத்துக்கே வாக்களிக்கின்றன. அண்டை மாநிலங்களுடன் இணைத்துவிடுவார்கள் என்ற பேச்சு எழுந்தபோது 1979 ஜனவரியில் நடந்த போராட்டத்தை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு இந்தப் பிள்ளைகள் வளர்ந்திருக்கிறார்கள். கிந்தானா ரோவும் ஒரு காலத்தில் மத்திய அரசின் நேரடி ஆளுகையில் இருந்த பகுதி. நாடாளுமன்றத்துக்கு ஒரே ஓர் உறுப்பினரை அனுப்பிய பகுதி. இரண்டு முறை அண்டை மாநிலங்களுக்குள் கரைக்கப்பட்டு இரண்டு முறையும் மீண்டு வந்த பகுதி. பிறகு அது மாநிலமாகி, ஒன்று இரண்டாகி, மூன்றாகி, நான்காகித் தன் இடங்களைப் பெருக்கிக்கொண்டது. இந்த வளர்ச்சியைக் கண்ணால் பார்க்கும்படி சுவரில் மாட்ட வேண்டும் என்பதே என் விருப்பம்.

பொருளின் உருவத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு தாளும் 1:5,00,000 அளவில் அச்சிடப்பட்டு, பின்புறம் துணி ஒட்டி, மேலும் கீழும் மரக்கட்டை வைத்து, பழைய பள்ளிக்கூட வரைபடங்களைப் போலச் சுருட்டி வைக்கும்படி செய்யப்பட்டிருக்கிறது. தாள் கனமானது, மின்விசிறிக் காற்றில் படபடப்பதில்லை. பளபளக்கும் லேமினேஷன் போடாமல் விட்டது நல்ல முடிவு, ஏனென்றால் எங்கள் அறையின் கிழக்குச் சன்னல் வெளிச்சத்தில் பளபளப்பான தாளைப் பின்வரிசையில் இருப்பவர்கள் படிக்க முடியாது. தாள்களுடன் பன்னிரண்டு பக்கக் கையேடு ஒன்றும் தருகிறார்கள்.

எழுத்துகள் அனைத்தும் தமிழில் உள்ளன. மொழிபெயர்ப்பில் இரண்டு சொற்தேர்வுகளைக் குறிப்பிட்டுப் பாராட்ட வேண்டும். மெக்சிகோவில் மாநிலத்துக்கு அடுத்த நிலையில் உள்ள உள்ளாட்சிப் பகுதியை ‘முனிசிப்பியோ’ என்பார்கள். அதை ‘நகராட்சி’ என்று எழுதியிருந்தால் தவறாகியிருக்கும், ஏனென்றால் ஒரு நகரமும் அதைச் சுற்றியுள்ள காடும் கடற்கரையும் கிராமங்களும் சேர்ந்ததுதான் அந்த அலகு. பெரியவர் அதற்குக் ‘கொம்யூன்’ என்ற சொல்லை வைத்தார். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன அந்தச் சொல்லை வில்லியனூரிலும் நெட்டப்பாக்கத்திலும் மண்ணாடிப்பட்டிலும் மக்கள் இன்றும் அன்றாடம் புழங்குகிறார்கள். பொருளும் ஏறத்தாழ அதுவே. அதேபோல் மெக்சிகோ வாக்காளர் பட்டியலின் மிகச் சிறிய அலகை, நம் வாக்காளர் பட்டியலில் உள்ள சொல்லைக் கொண்டே ‘பாகம்’ என்று எழுதியிருக்கிறார். ஒரு பாகத்தில் 100 பேருக்குக் குறையாமலும் 3,000 பேருக்கு மிகாமலும் வாக்காளர்கள் இருக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். இந்தப் பாகங்களைச் செங்கல் போல அடுக்கித்தான் தொகுதியைக் கட்டுகிறார்கள்.

முதல் தாள் 1902 முதல் 1935 வரையிலான காலத்தைக் காட்டுகிறது. 1847இல் தொடங்கிய மாயா மக்களின் எழுச்சியை அரை நூற்றாண்டுக்குப் பிறகு படைகொண்டு அடக்கிய மெக்சிகோ அரசு, 1902 நவம்பர் 24 அன்று யூக்கத்தான் மாநிலத்தின் கிழக்குப் பகுதியைப் பிரித்து மத்திய ஆட்சிப்பகுதியாக்கியது. அப்போது அதிபர் போர்பிரியோ தியாஸ். விடுதலைப் போராட்டத்தில் பங்கெடுத்த யூக்கத்தான்காரரான அந்திரேஸ் கிந்தானா ரோவின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. 1913இல் அதை மீண்டும் யூக்கத்தானோடு சேர்த்தார்கள், 1915இல் பிரித்தார்கள். 1931இல் யூக்கத்தானுக்கும் கம்பெச்சே மாநிலத்துக்கும் பங்குபோட்டுக் கொடுத்தார்கள். 1935இல் அதிபர் லாசரோ கார்தெனாஸ் மீட்டுத் தந்தார். இந்த நான்கு நிலைகளையும் ஒரே தாளில் நான்கு விதமான கோடுகளால் காட்ட முயன்றிருப்பது கண்ணைக் குழப்புகிறது. 1931இன் பங்கீட்டுக் கோடு மட்டும் தனிச் சிறுபடமாக இருந்திருக்கலாம். ஆனாலும் தெற்கு எல்லையில் ஒந்தோ ஆற்றின் ஓரமாக ‘1893 உடன்படிக்கை’ என்று சிறிய எழுத்தில் குறித்திருப்பதைப் பார்த்ததும் இந்தக் கூடத்தின் மேல் எனக்கு மதிப்பு கூடியது. அன்றைய பிரிட்டிஷ் ஒந்துராசுக்கும், அதாவது இன்றைய பெலீசுக்கும் மெக்சிகோவுக்கும் இடையிலான எல்லை அந்த ஆண்டின் உடன்படிக்கையால் வந்தது. ஒவ்வொரு கோட்டின் மேலும் அது பிறந்த ஆண்டை எழுதுவது இவர்களின் வழக்கம். தாலுகா வரைபடங்களை நாற்பது ஆண்டுகள் திருத்தித் திருத்தி வரைந்தவருக்குத்தான் அந்தப் பழக்கம் வரும்.

இரண்டாம் தாள் 1974இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு அக்டோபர் 8 அன்று கிந்தானா ரோவும் தென் பாகா கலிபோர்னியாவும் மாநிலங்களாயின; அத்துடன் மெக்சிகோவில் மத்திய ஆட்சிப்பகுதி என்ற வகையே இல்லாமல் போனது. புதிய மாநிலம் ஏழு கொம்யூன்களாகப் பிரிந்தது: தெற்கில் ஓத்தோன் பி. பிளாங்கோ, பெலிப்பே கர்ரீயோ புவெர்த்தோ, ஒசே மரியா மோரேலோஸ். வடக்கில் கோசுமேல், லாசரோ கார்தெனாஸ், இஸ்லா முகெரேஸ், பெனித்தோ குவாரெஸ். தாளின் வலப்பக்கத்தில் ஒரு சிறு பெட்டியில் 1970 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 88,150 என்று உள்ளது. அதற்குக் கீழே, அன்றைய நாட்டு மக்கள்தொகையை 300ஆல் வகுத்தால் வரும் தொகை ஏறத்தாழ 1,60,750 என்றும் கொடுத்திருக்கிறார்கள். 1977ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் ஒற்றை உறுப்பினர் தொகுதிகளின் எண்ணிக்கையை 300 என்று நிலைப்படுத்தியது. 1979 தேர்தலில் அது நடைமுறைக்கு வந்தது. அந்தக் கணக்குப்படி பார்த்தால் கிந்தானா ரோவுக்கு ஒரு முழுத் தொகுதிகூடத் தேறாது. ஆனால் எந்த மாநிலத்துக்கும் இரண்டுக்குக் குறைவான தொகுதிகள் இருக்கலாகாது என்று மெக்சிகோ அரசியலமைப்பின் 53ஆவது பிரிவு சொல்கிறது. அந்த ஒரு வரியால் கிடைத்ததுதான் இரண்டாவது இடம். யூனியன் பிரதேசத்துக்கும் மாநிலத்துக்கும் என்ன வேறுபாடு என்று புதுச்சேரி மாணவர்கள் கேட்கும்போதெல்லாம் நான் இந்தப் பெட்டியைத்தான் காட்டுகிறேன்.

1996ஆம் ஆண்டு மறுவரையறையைத் தனித்தாளாகச் செய்யாமல் இரண்டாம் தாளின் அடியில் சிறுபடமாகப் போட்டுவிட்டார்கள். அதில் எனக்குக் குறையில்லை. தொகுதிகள் இரண்டாகவே நீடித்தன. தலைமையிடங்கள் தெற்கே சேத்துமால், வடக்கே கான்கூன். ஆனால் சிறுபடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கணக்கு முக்கியமானது. 1990இல் மாநிலத்தின் மக்கள்தொகை 4,93,277. தெற்கு மூன்று கொம்யூன்களில் 2,44,976 பேர். வடக்கில் 2,48,301 பேர். இருபது ஆண்டுகளுக்கு முன் ஆளரவமற்ற மணல்திட்டாக இருந்த கான்கூன், 1970இல் அரசு திட்டமிட்டு எழுப்பிய சுற்றுலா நகரமாகி, தலைநகரை வைத்திருந்த தெற்கை எடையில் எட்டிப்பிடித்த தருணம் அது. அதற்குப் பிறகு தராசு தெற்குப் பக்கம் திரும்பவே இல்லை.

மூன்றாம் தாளில்தான் பிழை இருந்தது. 2005 பிப்ரவரியில் ஒப்புதல் பெற்று 2006 தேர்தலில் பயன்பட்ட எல்லைகளை இது காட்ட வேண்டும். 2000 கணக்கெடுப்பில் மாநிலத்துக்கு 8,74,963 பேர், நாட்டுச் சராசரி 3,24,945, வகுத்தால் 2.69. மிகப் பெரிய மீதியை வைத்திருக்கும் மாநிலங்களுக்கு எஞ்சிய இடங்களைப் பகிரும் முறையில் கிந்தானா ரோவுக்கு மூன்றாவது தொகுதி கிடைத்தது. முதல் தொகுதியின் தலைமையிடம் பிளாயா தெல் கார்மென் என்ற கடற்கரை நகரமானது. சேத்துமால் இரண்டாவதற்கும் கான்கூன் மூன்றாவதற்கும் தலைமையிடங்களாயின. இந்தத் தாளில் துலூமைத் தனிக் கொம்யூனாக அழுத்தமான கோட்டில் வரைந்து அனுப்பியிருந்தார்கள். துலூம் தனிக் கொம்யூன் ஆனது 2008இல். அதற்கு முன் அது சொலிதாரிதாத் கொம்யூனுக்குள் இருந்தது. சொலிதாரிதாதே 1993இல் கோசுமேலிலிருந்து பிரிந்ததுதான். இன்றைய எல்லைக் கோப்பை அடியில் வைத்துக்கொண்டு மேலே பழைய தொகுதியை வரைந்ததால் வந்த பிழை அது. கணினியில் வேலை செய்யும் இளையவர் அதை உடனே ஒப்புக்கொண்டார். பெரியவரின் முகம்தான் வாடிவிட்டது. “கோடு போட்டுடலாம் டீச்சரம்மா, அது எந்த வருஷத்துக் கோடுன்னு பார்த்துப் போடணும். நானே கோட்டை விட்டுட்டேன்” என்றார். பத்து நாளில் புதுத் தாள் வந்தது; கூடுதல் பணம் வாங்கவில்லை. சிறு கூடங்களில் வரைபடம் வாங்குகிறவர்கள் இதைக் கவனத்தில் வைக்க வேண்டும்: பணம் கொடுப்பதற்கு முன் அடிப்படை எல்லைகளின் ஆண்டைக் கேட்டுச் சரிபாருங்கள்.

திருத்திய மூன்றாம் தாள் நன்றாக வந்திருக்கிறது. கோசுமேல், இஸ்லா முகெரேஸ், லாசரோ கார்தெனாஸ், சொலிதாரிதாத் ஆகிய நான்கையும் கூட்டினால் 2000இல் 1,55,567 பேர்தான். மாநிலச் சராசரியான 2,91,654ஐ எட்ட இன்னும் ஏறக்குறைய 1,36,000 பேர் வேண்டும். அவர்களை எங்கிருந்து எடுப்பது? கான்கூன் நகரை உள்ளடக்கிய பெனித்தோ குவாரெஸ் கொம்யூனில் மட்டும் 4,19,815 பேர் இருந்தார்கள். அதிலிருந்து ஒரு துண்டை வெட்டி முதல் தொகுதியில் சேர்த்தார்கள். கான்கூனில் வசித்துக்கொண்டே, அறுபத்தெட்டுக் கிலோமீட்டர் தள்ளியுள்ள பிளாயா தெல் கார்மெனைத் தலைமையிடமாகக் கொண்ட தொகுதிக்கு வாக்களித்தவர்கள் உண்டு என்பதை இந்தத் தாளிலிருந்து மாணவர்களே கண்டுபிடித்துச் சொன்னார்கள். கடலூர் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அது புதிதல்ல. 2008 மறுவரையறையில் நெல்லிக்குப்பம் சட்டமன்றத் தொகுதி மறைந்து நெய்வேலி தோன்றியதை அவர்கள் வீட்டில் இன்னும் பேசிக்கொள்கிறார்கள்.

கையேட்டின் நடுப்பக்கங்கள் எல்லை வரையும் முறையை விளக்குகின்றன. தொகுப்பிலேயே மிகச் சிறந்த எழுத்து இதுதான் என்பது என் கருத்து. 1990இல் உருவாகி 2014இல் தேசியத் தேர்தல் நிறுவனம் என்று மாற்றியமைக்கப்பட்ட அமைப்பு, 2005 முதல் கணினி வழிமுறைகளைக் கொண்டு தொகுதிகளின் முதல் வரைவைத் தயாரித்துவருகிறது. கொல்லர் காய்ச்சிய இரும்பை மெல்ல ஆறவிடுவதைப் பார்த்து உருவான முறை அது. கணினி முதலில் பாகங்களைத் தோராயமாகச் சேர்த்து ஒரு வரைவை அமைக்கும். பிறகு எல்லையோரப் பாகம் ஒன்றை இந்தத் தொகுதியிலிருந்து அந்தத் தொகுதிக்கு மாற்றிப் பார்த்து, மக்கள்தொகைச் சமநிலையும் வடிவத்தின் கச்சிதமும் கூடுகின்றனவா குறைகின்றனவா என்று மதிப்பெண் போடும். கூடினால் மாற்றத்தை ஏற்கும். குறைந்தாலும் தொடக்கத்தில் சிலவற்றை ஏற்கும், ஏனென்றால் ஒரு மோசமான மாற்றத்தைக் கடந்துதான் சில சமயம் நல்ல வரைவை அடைய முடியும். போகப் போக அந்தச் சலுகை குறைந்து, இறுதியில் வரைவு இறுகிவிடும். அதன் பிறகு கட்சிகள் தங்கள் மாற்று வரைவுகளைத் தருகின்றன. அவையும் அதே மதிப்பெண் முறையால் எடைபோடப்படுகின்றன. பழங்குடி மக்கள் 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள பகுதிகளைச் சிதறவிடக் கூடாது என்பதும், ஊர்களுக்கு இடையிலான பயண நேரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதும், முடிந்தவரை கொம்யூனை உடைக்கக் கூடாது என்பதும் விதிகள். 2017 வரையறையில் நாடெங்கும் 28 தொகுதிகள் பழங்குடித் தொகுதிகளாக அமைந்தன. இந்தப் பக்கங்களை இளையவர் எழுதி, பெரியவர் திருத்தியிருக்கிறார். சமன்பாடு ஒன்றுகூட இல்லாமல் இவ்வளவு சொல்லியிருப்பதைப் பாராட்டுகிறேன்.

நான்காம் தாளை நான் அடிக்கடி விரிக்கிறேன். 2017 மார்ச்சில் ஒப்புதல் பெற்று 2018, 2021 தேர்தல்களில் பயன்பட்ட எல்லை இது. 2010இல் மாநிலத்தின் மக்கள்தொகை 13,25,578, நாட்டுச் சராசரி 3,74,455, வகுத்தால் 3.54, ஆகவே நான்கு தொகுதிகள். இந்த முறை கணக்கு கொம்யூன் எல்லைகளோடு அழகாகப் பொருந்தியது. பெனித்தோ குவாரெசின் 6,61,176 பேரை இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு பாதியும் மாநிலச் சராசரிக்கு அருகில் வந்துவிடுகிறது. அப்படித்தான் கான்கூனுக்கு இரண்டு தொகுதிகள் கிடைத்தன. தெற்கு மூன்று கொம்யூன்களில் 3,55,758 பேர். அது சேத்துமாலின் தொகுதி. 2011இல் ஓத்தோன் பி. பிளாங்கோவிலிருந்து பிரிந்த பக்கலாரும் அதற்குள்ளேயே அடங்குகிறது. மிஞ்சிய கோசுமேல், இஸ்லா முகெரேஸ், லாசரோ கார்தெனாஸ், சொலிதாரிதாத், துலூம் ஐந்திலும் 3,08,644 பேர். பெனித்தோ குவாரெசிலிருந்து 2015இல் பிரிய ஆணை பெற்ற புவெர்த்தோ மோரேலோசும் அவற்றோடு சேர்ந்து முதல் தொகுதியானது. முந்தைய வரையறையில் கான்கூனிலிருந்து கடன் வாங்கிய நகரத் துண்டு இனி அதற்குத் தேவைப்படவில்லை. மூன்றாம் தாளையும் நான்காம் தாளையும் அடுத்தடுத்து மாட்டினால், பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு தொகுதி தன் காலிலேயே நிற்கும் அளவுக்கு வளர்ந்ததை யாரும் சொல்லாமலே பார்க்கலாம். இந்தத் தாளுக்காகவே முழுத் தொகுப்பையும் வாங்கலாம் என்பேன்.

ஐந்தாம் தாள் 2022 டிசம்பரில் முடிவாகி 2024 தேர்தலில் நடைமுறைக்கு வந்த வரையறை பற்றியது. மற்றவற்றைவிட இது எளிமையானது. எல்லையைக் காட்டுவதைவிட எல்லை ஏன் மாறியே ஆக வேண்டும் என்பதைக் காட்டுவதில் கூடம் கவனம் செலுத்தியிருக்கிறது. 2020இல் மாநில மக்கள்தொகை 18,57,985. நாட்டுச் சராசரி 4,20,047. வகுத்தால் 4.42, மீதி போதவில்லை, தொகுதிகள் நான்காகவே நின்றன. அந்த முறை நூவோ லியோனுக்கு இரண்டு இடங்கள் கூடின. பாகா கலிபோர்னியா, கோவாவிலா, புவெப்லா, கெரேத்தரோ, யூக்கத்தான் ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று கூடியது. மெக்சிகோ நகரம் இரண்டை இழந்தது. பக்கத்து யூக்கத்தானுக்குக் கிடைத்தது கிந்தானா ரோவுக்குக் கிடைக்கவில்லை. ஆக ஒரு தொகுதிக்கு மாநிலச் சராசரி 4,64,496 ஆக உயர்ந்தது. 15 சதவீதம் கூட்டினால் உச்ச வரம்பு 5,34,171. முந்தைய முதல் தொகுதியின் ஆறு கொம்யூன்களைக் கூட்டிப் பாருங்கள் என்று தாளின் ஓரத்தில் எண்களை மட்டும் அடுக்கியிருக்கிறார்கள்: சொலிதாரிதாத் 3,33,800, கோசுமேல் 88,626, துலூம் 46,721, லாசரோ கார்தெனாஸ் 29,171, புவெர்த்தோ மோரேலோஸ் 26,921, இஸ்லா முகெரேஸ் 22,686. மொத்தம் 5,47,925. வரம்பைத் தாண்டிவிட்டது. பத்தே ஆண்டுகளில் சொலிதாரிதாத் மட்டும் 1,59,310இலிருந்து இரு மடங்குக்கு மேல் பெருகிவிட்டதே காரணம். பழைய எல்லை செல்லாது என்பதை மாணவர்கள் ஒரு கூட்டல் கணக்கில் தெரிந்துகொள்கிறார்கள். விடையைத் தாளில் அச்சிடாமல் விட்டது சிறந்த ஆசிரியருக்குரிய செயல்.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதல் தொகுதிக்குக் கொடுத்த இளநீலமும் கரீபியக் கடலுக்குக் கொடுத்த நீலமும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால், கோசுமேல் தீவு தொகுதியைச் சேர்ந்ததா கடலுக்குள் தனித்து நிற்பதா என்று பின்வரிசை மாணவர்கள் தடுமாறுகிறார்கள். இரண்டு தீவுகளை உள்ளடக்கிய தொகுதிக்கு நீலம் தேர்ந்தெடுத்திருக்கவே கூடாது. கான்கூன் நகரத்துக்குள் ஓடும் எல்லை, தெருக்களின் ஊடாகச் செல்வது. 1:5,00,000 அளவில் அது ஒரு விரற்கடைகூட இல்லை. மூன்று, நான்கு, ஐந்தாம் தாள்களில் நகரத்துக்கு மட்டும் பெரிதாக்கிய சிறுபடம் அவசியம் வேண்டும். ஊர்ப்பெயர்களின் தமிழ் வடிவம் தாளுக்குத் தாள் சற்று மாறுகிறது. ஒரு தாளில் சேத்துமால், இன்னொன்றில் செத்துமல். மேற்கு எல்லையில் யூக்கத்தானும் கம்பெச்சேயும் கிந்தானா ரோவும் சந்திக்கும் ‘புத்’ என்ற இடத்தைக் குறித்து நெடுங்காலமாகத் தகராறு உண்டு. அதை விட்டு விட்டு வரும் கோடாக வரைந்திருப்பது சரி, ஆனால் ஏன் அப்படி வரைந்தோம் என்று குறியீட்டு விளக்கத்தில் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். ஒரு மாணவி அதை அச்சுப்பிழை என்றே நினைத்துவிட்டாள்.

விலை ஐந்து தாள்களுக்கும் கையேட்டுக்கும் சேர்த்து ரூ.6,500. துணி ஒட்டாமல் வெறும் தாளாக வாங்கினால் பாதிக்கும் குறைவு. வகுப்பறைக்கு வாங்குகிறவர்கள் துணி ஒட்டியதையே வாங்க வேண்டும். வெறும் தாள் ஒரு மழைக்காலத்தைத் தாங்காது. சொன்ன நாள் ஐந்து வாரம். வந்தது ஏழு வாரத்தில். ஐப்பசி மழையில் பாகூர் ஏரிப் பக்கம் மின்சாரம் அடிக்கடி நின்றதால் பிளாட்டர் ஓடவில்லை என்று முன்கூட்டியே தொலைபேசியில் சொன்னார்கள். அதனால் எனக்கு வருத்தமில்லை.

அடுத்ததாகப் புதுச்சேரிச் சட்டமன்றத் தொகுதிகளின் எல்லை மாற்றத்தை இதே முறையில் இரண்டு தாள்களாகச் செய்து தரச் சொல்லியிருக்கிறேன். தொகுதிகள் அன்றும் முப்பது, இன்றும் முப்பது. ஆனால் 2008இல் மாகேயும் பள்ளூரும் ஒன்றாயின, காரைக்காலின் ஆறு ஐந்தாயின, புதுச்சேரிப் பகுதியின் இருபத்தொன்று இருபத்து மூன்றாயின. புஸ்ஸி, காசுக்கடை என்ற பெயர்கள் பட்டியலிலிருந்து போய்விட்டன. முன்பணம் கொடுத்தபோது பெரியவர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, பழைய தாளுக்கு எந்தக் கணக்கெடுப்பு, புதிய தாளுக்கு எந்தக் கணக்கெடுப்பு என்று கேட்டார். புதியதற்கு 2001 என்று உடனே சொன்னேன். பழையதற்கு ஆவணத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அதை எழுதித் தரும்வரை வேலையைத் தொடங்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டார்.